ஒரு பேட்ச், இரண்டு பேட்ச்: ஆங்கிலச் சொல் தேடலில் நான் கற்றவை

திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்த எனக்கு ஐந்தெழுத்து என்றால் நமசிவாய என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் அந்த ஐந்தெழுத்தைப் பாடி எங்கள் ஊர்க் கரையில்தான் ஏறினார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே சென்ற கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் பத்து வயதுப் பேத்தி, "தாத்தா, அஞ்செழுத்து விளையாடலாமா?" என்று கேட்டபோது, நான் வேடிக்கையாக அந்த மந்திரத்தையே விடையாகச் சொன்னேன். அவள் அதை ஆங்கிலத்தில் எழுதி, விரல் விட்டு எண்ணி, பத்து எழுத்து வருகிறது என்றாள். நடுவில் ஓர் எச் சேர்த்து எழுதுகிறவர்களுக்குப் பதினொன்று வரும். தமிழில் ஓர் எழுத்து என்பது பெரும்பாலும் ஓர் ஒலி. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. இது எனக்குத் தெரியாத செய்தி அன்று என்றாலும், இந்த ஒரு வேறுபாட்டால் ஒரு கோடை முழுவதும் ஒரு சிறுமியிடம் தோற்பேன் என்று நான் நினைக்கவில்லை.

நான் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலச் சொற்களை எழுத்தெழுத்தாக உடைத்து மோர்ஸ் சாவியில் தட்டி அனுப்புவதுதான் என் முதல் பத்து ஆண்டுப் பிழைப்பு. 2013 ஜூலையில் தந்திச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். மணிக்கட்டு மட்டும் இன்னும் மறக்கவில்லை. அந்தத் துணிச்சலில்தான் விளையாட உட்கார்ந்தேன். விளையாட்டு எல்லோருக்கும் தெரிந்த வேர்டில்தான். ஜோஷ் வார்டில் என்பவர் தம் துணைவிக்காக உருவாக்கி 2021 அக்டோபரில் பொதுவில் வெளியிட்டதை, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வாங்கியது. ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தும் இடமும் சரியானால் பச்சை, எழுத்து மட்டும் சரியானால் மஞ்சள், இரண்டும் இல்லையென்றால் சாம்பல். கைப்பேசியில் ஒரு நாளைக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்பதால், நாங்கள் பழைய நாட்குறிப்பேட்டில் ஒருவர் நினைக்க மற்றவர் தேடுவதாக மாற்றிக்கொண்டோம்.

மேலே செல்வதற்கு முன் ஓர் ஏற்பாடு. தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் ஒன்றுபோலவே "பி" ஆகிவிடுகின்றன. நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் "டி" ஆகிவிடுகின்றன. தொலைபேசியில் தந்தி வாசகம் ஒப்பிக்கும்போது நாங்கள் பாம்பே பி, பேப்பர் பி, டெல்லி டி, டேபிள் டி என்று சொல்லிப் பிரித்துக்கொள்வோம். இங்கும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். இந்த ஏற்பாட்டை நானே மறந்துபோன நாள்தான் எனக்கு முதல் பாடம் கிடைத்த நாள்.

அன்று மூன்றாவது முயற்சியிலேயே கடைசி நான்கு எழுத்துகளைப் பிடித்துவிட்டேன்: ஏ, டேபிள் டி, சி, எச். முதல் எழுத்து ஒன்றுதான் பாக்கி. என்னென்ன சொற்கள் வரக்கூடும் என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லி அடித்துக்கொண்டே வந்தேன். எழுதியது தமிழில்; கை பழக்கம். கேட்ச், மேட்ச், பேட்ச், ஹேட்ச், லேட்ச். முதலில் பேட்ச் என்றேன், தொகுதி என்ற பொருளில், பாம்பே பி போட்டு. இல்லை என்றாள். ஓரத்தில் பேட்ச் என்று இருந்ததை அடித்தேன். மேட்ச் இல்லை, லேட்ச் இல்லை. ஆறு முயற்சியும் முடிந்தன. அவள் நினைத்திருந்ததும் பேட்ச்தான்: ஒட்டு என்ற பொருளுடையது, பேப்பர் பி போட்டது. இரண்டு சொற்களையும் ஒரே தமிழ் எழுத்தில் எழுதி, ஒன்றை அடித்தபோது மற்றதையும் சேர்த்துக் கொன்றுவிட்டிருந்தேன்.

அதைவிட வெட்கம், தோற்ற பிறகு அவள் கேட்ட கேள்வியில் இருந்தது. "வாட்ச்-ஐ ஏன் தாத்தா எழுதவே இல்ல?" கடிகாரத்துக்கான சொல்லும் இதே நான்கு எழுத்துகளில்தான் முடிகிறது. ஆனால் அது காதில் "வாட்ச்" என்று விழுகிறது. நான் "ஏட்ச்" என்ற ஓசையைப் பிடித்துக்கொண்டு போனவன், அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆக மொத்தம் ஏழு சொற்கள் இருந்த இடத்தில் நான் பார்த்தவை ஐந்து. கையில் கடிகாரம் கட்டியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாளிலிருந்து ஐந்து கட்டம் போட்டு, தெரிந்த எழுத்துகளை அதனதன் கட்டத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, தெரியாத கட்டத்தில் ஏ முதல் இசட் வரை ஒவ்வொரு எழுத்தாக வைத்துப் பார்க்கும் வழக்கத்துக்கு மாறினேன். வாய்விட்டுச் சொல்வதில்லை. இருபத்தாறு முறை பார்ப்பது நீண்ட வேலையாகத் தோன்றும். பழகினால் அரை நிமிடம் கூட ஆகாது. ஐ, ஜி, எச், டேபிள் டி என்று முடியும் ஐந்தெழுத்துச் சொற்களை இப்படித் தேடிப் பாருங்கள். ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என்று காது ஏழு சொற்களைக் கொடுத்துவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்துவிடும். முதல் கட்டத்தில் ஈ-யை வைக்கும் கண்ணுக்குத்தான் எட்டு என்ற எண்ணுக்குரிய சொல் அகப்படும். ஓ, வி, ஈ என்று முடிபவற்றில் நிலைமை இன்னும் மோசம்: கிராம்பு "க்ளோவ்", கையுறை "க்ளவ்", நிரூபிப்பது "ப்ரூவ்". மூன்றுக்கும் கடைசி மூன்றெழுத்து ஒன்றே, மூன்றுக்கும் ஓசை வேறு.

ஒரே முடிவுடைய சொற்கள் ஏழெட்டு நிற்கும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பது மூடத்தனம் என்பதையும் அந்தத் தோல்விக்குப் பிறகுதான் புரிந்துகொண்டேன். விடையாக இருக்கவே முடியாத ஒரு சொல்லை வேண்டுமென்றே செலவழித்து, சந்தேகத்தில் உள்ள முதலெழுத்துகள் பலவற்றை ஒரே வீச்சில் சோதித்துவிடலாம். மேற்சொன்ன பேட்ச் கூட்டத்துக்கு "கிளாம்ப்" என்ற சொல் பொருத்தமானது: தச்சர் பலகையை இறுக்கிப் பிடிக்கும் கருவி. அதில் சி, எல், எம், பேப்பர் பி என நான்கு முதலெழுத்துகள் இருக்கின்றன. சி நான்காம் கட்டத்திலும் இருப்பதால் எப்படியும் மஞ்சளாவது காட்டும்; அது பச்சையானாலோ, மற்ற மூன்றில் ஒன்று நிறம் மாறினாலோ விடை அந்தக் கணமே தெரிந்துவிடும். இரண்டும் நடக்காவிட்டால் பாம்பே பி, எச், டபிள்யூ மூன்றுதான் மிச்சம். கைப்பேசி விளையாட்டில் கடின முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்த வழி கிடைக்காது. கண்டுபிடித்த எழுத்துகளை அடுத்தடுத்த முயற்சிகளில் விடாமல் பயன்படுத்த வேண்டும் என்பது அங்கே விதி.

தந்திக்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு மேன்மை இருக்கிறது என்று நான் நம்பியது எழுத்துகளின் புழக்கம் பற்றிய அறிவில். மோர்ஸில் ஈ என்பது ஒரே ஒரு புள்ளி. டேபிள் டி ஒரே ஒரு கோடு. ஏ, ஐ, என், எம் எல்லாம் இரண்டு தட்டில் முடியும். க்யூ, ஜே, ஒய் ஆகியவற்றுக்கு நான்கு தட்டு, அதிலும் மும்மூன்று கோடு. அதிகம் வரும் எழுத்துக்குக் குறைந்த தட்டு என்பதற்காக, மோர்ஸின் கூட்டாளி ஆல்ஃபிரட் வெய்ல் அச்சகத்தில் எந்த எழுத்தின் அச்சுகள் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து அமைத்ததாகச் சொல்வார்கள். ஓ மட்டும் விதிவிலக்கு. அடிக்கடி வரும் எழுத்தாக இருந்தும் அதற்கு மூன்று கோடு, ஏன் என்று எங்கள் மணிக்கட்டுகள் பல ஆண்டுகள் நொந்துகொண்டதுண்டு. எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸும் இதே போலச் செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணியவர்தான். அந்த ஆட்டத்தின் 100 கட்டைகளில் ஈ 12 இருப்பதும், க்யூ-வும் இசட்-உம் ஒவ்வொன்றே இருந்து 10 புள்ளி பெறுவதும் அதனால்தான்.

ஆனால் இந்த அறிவே என்னைத் தவறான முதல் சொல்லுக்குக் கொண்டுபோயிற்று. டேபிள் டி, எச், ஈ மூன்றும் என் கைக்கு மிகப் பழகியவை என்பதால், "அவர்களுடைய" என்ற பொருள் தரும் "தேர்" என்ற சொல்லையே முதலில் வைத்து வந்தேன். தந்தியிலோ கடிதத்திலோ "தி" என்ற மூன்றெழுத்துச் சொல் வரிக்கு வரி வருவதால்தான் டேபிள் டி-யும் எச்-உம் அவ்வளவு புழங்குகின்றன. சொல் விளையாட்டில் ஒவ்வொரு சொல்லும் ஒரு முறைதான் எண்ணப்படும், அதில் அந்தச் சொல்லுக்கு ஐந்தெழுத்தே கிடையாது. வேர்டிலின் தொடக்க கால விடைப் பட்டியலில், ஏறத்தாழ 2,300 சொற்களில், முன்வரிசையில் நிற்பவை ஈ, ஏ, ஆர், ஓ, டேபிள் டி, எல். முதலெழுத்தாக அதிகம் வருவது எஸ்; கடைசி எழுத்தாக ஈ, அதற்கடுத்து ஒய். இதைத் தெரிந்துகொண்ட பிறகு முறைத்துப் பார்த்தல் என்ற பொருளுடைய "ஸ்டேர்", அது பலிக்காவிட்டால் மேகம் என்ற "கிளவுட்" என இரண்டு சொற்களை வழக்கமாக்கிக்கொண்டேன். இரண்டிலும் சேர்த்துப் பத்து வெவ்வேறு எழுத்துகள், உயிரெழுத்துகளில் ஐ தவிர அத்தனையும் அடங்கிவிடுகின்றன.

இடம் தெரியாமல் எழுத்துகள் மட்டும் தெரியும்போது வேலை வேறு மாதிரி. உதாரணமாக ஓ, வி, ஈ மூன்றும் உண்டு, எங்கே என்று தெரியாது என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் அரிதான எழுத்தைத்தான் முதலில் உட்கார வைக்க வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் போக்கிடம் குறைவு. ஆங்கிலச் சொல் வி-யில் முடிவது மிக அபூர்வம். கொடு, வைத்திரு, அன்பு ஆகியவற்றுக்கான எளிய சொற்கள்கூட ஒலிக்காத ஒரு ஈ-யை வாலில் கட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான். ஆகவே ஐந்தாம் கட்டத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். நான்காம் கட்டத்தில் வைத்தால் அடுப்பு, தோப்பு, கையுறை. நடுவில் வைத்தால் மூடி என்ற "கவர்", புதினம் என்ற "நாவல்", நெய்யப்பட்ட என்ற "வோவன்". முதலில் வைத்தால் குரல், வாக்காளர், உயிரெழுத்து. இப்படி ஒரு சொல் கிடைத்தவுடன் அதன் பக்கத்து வீட்டுச் சொற்கள் தாமாக வரத் தொடங்கும்.

இது போன்ற இடவழக்கங்களை மனத்தில் வைத்துக்கொள்வது அகராதியை மனப்பாடம் செய்வதைவிட எளிது, பயனும் அதிகம். சி-யும் கே-யும் சேர்ந்து சொல்லின் தொடக்கத்தில் வராது. என்-உம் ஜி-யும் அப்படியே. மூன்று மெய்கள் சேர்ந்து தொடங்கினால் முதலாவது பெரும்பாலும் எஸ். உயிரெழுத்து ஒன்றும் அகப்படவில்லை என்றால் பதற வேண்டாம், ஒய்-யை நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும்: நிணநீர், வனதேவதை, நிலவறைக் கல்லறை, வேதாகமத்தில் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கையாக வரும் வெள்ளைப்போளம் ஆகிய நான்குக்கும் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துதான், நான்கிலும் ஒய்-யே உயிர். தாளத்துக்கான ஆறெழுத்துச் சொல் இந்த வகையில் எனக்குப் பிடித்தது. காதில் "ரிதம்" என்று மூன்றெழுத்தாய் விழுவதில் இரண்டு எச் ஒளிந்திருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

ஏழு, எட்டு எழுத்துச் சொற்களுக்கு இந்தக் கட்ட முறை போதாது. அங்கே வாலைப் பிரித்துத் தனியே வைப்பதுதான் வழி. ஏ, ஜி, ஐ, என், ஆர், எஸ், டேபிள் டி என்ற ஏழு கட்டைகள் கையில் இருந்தால், ஐ, என், ஜி மூன்றையும் வலப்பக்கம் ஒதுக்கிவிட்டு மீதி நான்கைக் கலைத்துப் பார்த்தால் "ஸ்டேரிங்" வந்து நிற்கும். முறைத்துப் பார்க்கும் வினையின் வாலில் இருந்த ஈ உதிர்ந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும்; ஈ இல்லையே என்று அந்தச் சொல்லைக் கைவிடுகிறவர்கள் பலர். எஸ்-ஐ மட்டும் கடைசியில் வைத்தால் அதே ஏழு கட்டைகளில் "ரேட்டிங்ஸ்" கிடைக்கும்.

ஸ்கிராபிள் என்றதும் 2011 டிசம்பர் 30 நினைவுக்கு வருகிறது. தானே புயல் அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளையெல்லாம் படுக்க வைத்துவிட்டுப் போனது. எங்கள் தெருவுக்குப் பல நாள் மின்சாரம் இல்லை. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகளும் நானும் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஸ்கிராபிள் பலகையை விரித்தோம். முதல் ஆட்டம் அவளுடையது. "ரெண்டு வி வந்திருக்குப்பா, வேலைக்காகாது" என்று கட்டைத் தாங்கியை என் பக்கம் திருப்பினாள். இரண்டு வி, இரண்டு ஈ, ஒரு ஐ, ஓர் ஆர், ஒரு டேபிள் டி. அந்த ஆட்டத்தில் வி-யே மொத்தம் இரண்டுதான். இரண்டும் அவளிடமே வந்திருந்தன. அந்த நேரம் என் மனைவி மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். வாயருகே கொண்டுபோனதும் வாசனை அடித்தது. எங்கள் கடற்கரையோர மணல் கிராமங்களில் விளையும் வெட்டிவேர், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் போன சொல் என்று எங்கோ படித்திருந்தேன். சொல்ல வாயெடுத்து நானே அடக்கிக்கொண்டேன்: வெட்டிவேர் என்றால் இரண்டு டி வேண்டுமே, ஒன்றுதானே இருக்கிறது!

மகள் விடவில்லை; ஏழு கட்டைகளும் தீர்கிற சொல்லைச் சும்மா விடக் கூடாது என்று அகராதியை எடுத்துவந்தாள். ஆங்கிலத்தில் ஒற்றை டி-தான். முதல் வி-யை நடு நட்சத்திரத்தில் வைத்து வலப்பக்கமாக அடுக்கினாள். கட்டைகளின் மதிப்பு 13. ஐந்தாவதாக வரும் வி இரட்டை எழுத்துக் கட்டத்தில் விழுந்ததால் 17. நட்சத்திரம் அதை 34 ஆக்கியது. ஏழையும் தீர்த்ததற்கு 50. முதல் ஆட்டத்திலேயே 84. அதே சொல்லை மூன்று கட்டம் இடப்பக்கம் தள்ளி, இரட்டை எழுத்துக் கட்டம் படாமல் அடுக்கியிருந்தால் 76தான் கிடைத்திருக்கும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களில்தான் தமிழ்க்காது அதிகம் ஏமாறுகிறது என்பது அன்று தொடங்கி நான் கண்டது. வெட்டிவேரில் இரட்டித்த எழுத்து அங்கே ஒற்றையாகிறது. கறியில் ஒற்றையாக இருப்பது அங்கே ஆர் இரட்டித்து ஐந்தெழுத்தாகிறது. சுருட்டு, இரட்டை ஓ-வும் ஒற்றை டி-யுமாக ஏழெழுத்து. தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் நாம் பார்த்து வளர்ந்த கட்டுமரம், ஒன்பதெழுத்தாகி, கடைசியில் எம்-ஐ இழந்து என்-இல் முடிகிறது. இவற்றைத் தெரிந்த சொல் என்று நினைத்து எழுதினால் கட்டாயம் ஒரு கட்டம் கூடும் அல்லது குறையும்.

எழுத்து எண்ணிக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிறத்துக்கான சொல் நமக்கு ஆறெழுத்து, அமெரிக்கர்களுக்கு ஐந்து. 2022 பிப்ரவரியில் வேர்டில் விடையாக நகைச்சுவைக்கான சொல் யூ ஒன்று குறைந்து ஐந்தெழுத்தாக வந்தபோது பிரிட்டனில் பலர் கொதித்தார்கள். நார் என்பதற்கான சொல் இன்னும் கபடமானது. இரு நாட்டிலும் ஐந்தெழுத்துதான், கடைசி இரண்டும் இடம் மாறி நிற்கும். புதுச்சேரியில் நடந்த ஒரு மாணவர் போட்டிக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி ஈ-யில் முடித்து எழுதிய ஒரு பெண்ணுக்கு, விடைத்தாளில் ஆர்-இல் முடிந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் புள்ளி மறுத்தார்கள். விவாதித்துப் பயனில்லை. அதன் பிறகு எந்தப் போட்டியானாலும், எந்த அகராதி என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

கணினியில் தேடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மருமகனின் மடிக்கணினியில் உள்ள லினக்ஸில் சொற்பட்டியல் கோப்பு ஒன்று இருந்தது. அதில் கிரெப் என்ற கட்டளைக்கு ^.....$ என்று கொடுத்தால் ஐந்தெழுத்துச் சொற்கள் மட்டும் வரும்: தொப்பிக்குறி சொல்லின் தொடக்கம், டாலர் குறி அதன் முடிவு, ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஓர் எழுத்து. தெரிந்த எழுத்தை அதற்குரிய புள்ளியின் இடத்தில் வைத்தால் போதும். இடம் தெரியாத எழுத்துகளை, ஒரு சல்லடையின் கீழ் இன்னொரு சல்லடை வைப்பது போல, வந்த விடையையே மறுபடியும் மறுபடியும் வடிகட்ட வேண்டும். ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும் அந்தக் கோப்பில் கலந்திருப்பதால், வருவதையெல்லாம் சொல்லென்று நம்பிவிடக் கூடாது.

இதைத் தேடுவதற்கு முன்னால் திறந்தால் விளையாட்டே இல்லை. முதலில் நாமே எழுதிவிட்டு, பிறகு திறந்து, நாம் விட்டவை எவை என்று பார்ப்பதில்தான் பலன். விட்டவற்றை மட்டும் தனியே குறித்து வருகிறேன். நான்கு மாதக் குறிப்பில் என் குறை தெளிவாகத் தெரிகிறது: ஒரே எழுத்து இரண்டு முறை வருபவை, உயிரெழுத்தில் தொடங்குபவை, எழுத்துக்கும் ஓசைக்கும் ஒட்டாதவை. பேத்தி விடுபவை வேறு வகை. அவள் பார்த்தே இராத பொருள்களின் பெயர்கள்.

பள்ளி திறந்து அவள் பெங்களூர் போன பிறகும் ஆட்டம் தொலைபேசியில் தொடர்கிறது. போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது அழைத்தாள். ஆறெழுத்து, முதலில் சி, கடைசியில் இரண்டு ஈ. யோசிக்காமல் காபி என்றேன். எழுத்துக் கணக்கு சரி, ஆனால் எஃப் கிடையாது, ஓ மட்டும் சரி என்றாள். நடுவில் இரண்டே கட்டம். அரை மணி நேரம் மனத்திலேயே எழுத்துகளை உருட்டிக்கொண்டு படுத்திருந்தேன். என் மனைவி வந்து, "ஆறிப்போகுதுங்க, எழுந்து குடிங்க" என்று கிண்ணத்தை நகர்த்தி வைத்து, சூடாக இன்னொரு கரண்டிக் கஞ்சியை ஊற்றியபோதுதான் பேனாவைத் தேடினேன்.